வக்ர குருவுக்கு ஒரு திருத்தம்

மார்ச் 3

தம்பிக்கு,

உன் அக்கா மகள் கருவுற்றிருக்கிறாள். இருபத்தாறு வாரம் முடிந்துவிட்டது. குழந்தையின் வளர்ச்சி சரியாக இருக்கிறது, இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது. இவ்வளவும் இன்று காலை ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னது. இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். மூன்றாவது முறை கேட்டபோது, "நீங்க பத்திரிகையில வேலை பார்த்தீங்களா?" என்றார்.

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன். எழுதினால் அடித்துத் திருத்தலாம்.

இரண்டாவது கருவும் கலைந்து வீட்டுக்கு வந்திருந்தவள், சாப்பாட்டு மேசையில் உன் எதிரே உட்கார்ந்து, "மாமா, எனக்குக் குழந்தை உண்டா இல்லையா, ஜாதகம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டாள். நீ லேப்டாப்பைத் திறந்தாய். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாய். "அஞ்சாம் இடத்துல வக்ர குரு. வந்தாலும் தங்காதும்மா" என்றாய். அடுத்து நடந்தது உனக்கும் தெரியும். லேப்டாப்பை உன் விரல்மேலேயே மூடினேன். உன் பையைப் படியில் வைத்தேன். அதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை.

வந்தது தங்கியிருக்கிறது. அவளுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. ரயில் கட்டுப்பாட்டு அறையில் யாருக்கும் சொல்லவில்லை. தொளதொள சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள், எடை கூடிவிட்டதாக அவர்கள் கேலி செய்கிறார்கள், சிரித்துவிட்டு வருகிறாள். மாப்பிள்ளை ஆசையாக ஒரு தொட்டில் வாங்கி வந்தார், தனித்தனிக் கட்டைகளாக, பெட்டியில். "பிரிக்காதீங்க" என்றாள். அது படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. பெயரைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். இடைவிடாமல் சத்தம் போடுகிறாள் என்று அவளுக்குச் சில்வண்டு என்று பெயர் வைத்தவன் நீ. இப்போது வந்து பார். வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கிறது.

இன்று ஸ்கேன் முடிந்து வரும்போது, "டாக்டர் என்ன சொன்னா என்னம்மா, மாமா சொன்னாரே" என்றாள்.

நீ சொன்னதை நீதான் திரும்ப வாங்கவேண்டும். அவளுக்கு ஒரு கடிதம் எழுது. நாலு வரி போதும். உடனே எழுது.

அக்கா


மார்ச் 8

அக்கா! அக்கா! அக்கா!

கடிதத்தை மாடிப்படியிலேயே பிரித்தேன். முதல் வரியைப் படித்துவிட்டுப் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுப் பல் டாக்டர் கையுறையோடு ஓடி வந்தார். "என்ன சார், லாட்டரியா?" என்றார். "அதைவிடப் பெருசு, நான் சொன்னது பொய்யாயிடுச்சு!" என்றேன். "உங்க தொழிலுக்கு அது நல்லதா?" என்று கேட்டார். நல்லதோ கெட்டதோ, அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். உள்ளே வாயைத் திறந்தபடி ஒரு நோயாளி காத்திருந்தாராம்.

சில்வண்டு அம்மா ஆகப்போகிறாள்! நம் அப்பாவின் காது வருமா? உன் பிடிவாதம் வந்தால் மாப்பிள்ளை பாடு திண்டாட்டம்.

இப்போது நீ திட்டப்போகும் பகுதிக்கு வருகிறேன். நாலு வரி என்னால் எழுத முடியாது. எழுத உட்கார்ந்தேன், கிழித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். ஏழு வயதிலேயே நான் பொய் சொன்னால் அவள் என் காதைப் பார்ப்பாள். "மாமா, காது சிவக்குது" என்பாள். கடிதத்திலும் சிவக்கும். மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மாமா எழுதியிருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவாள். அதன்பிறகு பயம் இரட்டிப்பாகும். மாமாவே பொய் சொல்கிறார் என்றால் நிலைமை அவ்வளவு மோசமா என்பாள்.

நான் அன்று எதை வைத்துச் சொன்னேன் என்று உனக்கு ஒருமுறையாவது சொல்லவேண்டும். குரு என்றால் பிள்ளைச் செல்வத்துக்குப் பொறுப்பாளர். ஐந்தாம் இடம் பிள்ளைச் செல்வத்துக்கான வீடு. பொறுப்பாளரே அந்த வீட்டில் குடியிருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் கணக்கு. அதற்குமேல் அவள் பிறந்தபோது குரு வக்ரம், அதாவது வானத்தில் பின்னோக்கிப் போகிறார். வக்ரத்துக்கு என்ன பலன் என்பதில் எங்களுக்குள்ளேயே அடிதடி. பின்னால் போகும் கிரகத்துக்கு உச்சம் பெற்ற பலம் என்பார் ஒருவர். பலனைத் தலைகீழாகத் தரும் என்பார் இன்னொருவர். கொடுப்பதைத் தயங்கித் தயங்கி, கொடுத்ததைப் பிடுங்கி, பிறகு கொடுக்கும் என்பார் மூன்றாமவர். நான் மூன்றாவது கட்சி. இரண்டு முறை பிடுங்கப்பட்டதைப் பார்த்தபின் சொன்னேன்.

இன்னொன்று. நான் "தங்காது" என்று சொல்லவில்லை. "தங்கறது கஷ்டம்" என்றுதான் சொன்னேன்.

நடு மத்தியானத்தில் பிறந்தவள், உச்சி வெயில் மாதிரி சுள்ளென்று இருப்பாள் என்று நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அவளா சட்டைக்குள் குழந்தையை ஒளித்து வைக்கிறாள்? உண்மையான காரணம் ஒன்று கிடைக்கட்டும், நாலு வரி என்ன, நாற்பது பக்கம் எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

"தங்காது" என்றுதான் சொன்னாய். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் வாயிலிருந்து வருவதை எழுதிப் பிழைத்தவள் நான். என்னிடம் வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்று அவளை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வயிறு இறுக்கிப் பிடித்தது. ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, இது இந்த மாதத்தில் வரும் சாதாரண இறுக்கம்தான், கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். இதைச் சொன்னது அதே டாக்டரம்மா. ஆனால் கட்டிலில் படுத்திருந்தவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஆரம்பிச்சுடுச்சும்மா" என்றாள். மாப்பிள்ளை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இவ்வளவுதான் நடந்தது. எழுத இவ்வளவுதான் இருக்கிறது, பார்க்க அப்படி இல்லை.

உன் மூன்று கட்சிகளைப் பற்றி. ஒரே சம்பவத்தைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால், எங்கள் ஆபீசில் அதைச் செய்தி என்று போடமாட்டோம். இன்னும் விசாரி என்று திருப்பி அனுப்புவோம். நீ ஒன்றைப் பொறுக்கித் தலைப்புச் செய்தியாக்கி, அதையும் ஒரு பெண்ணின் தட்டில் சாதத்துக்குப் பக்கத்தில் வைத்தாய்.

வக்ரம் என்றால் என்ன என்று அவளுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உன்னிடமே சொன்னாள், நினைவிருக்கிறதா? "நம்ம வண்டி வேகமா போறப்ப பக்கத்துத் தண்டவாளத்து வண்டி பின்னால போறாப்ல தெரியும்ல, அதுதானே மாமா உங்க வக்ரம்? எல்லா வண்டியும் விளக்கா தெரியற என் பலகையில பாருங்க, மேல இருந்து பார்த்தா ஒரு வண்டியும் பின்னால போறதில்ல." நீ கைதட்டினாய். பூமி குருவை முந்தும்போது குரு பின்னால் போவதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான் என்று அறிவுக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. உச்சி வெயில், உச்சி வெயில் என்று எழுதாதே, எரிச்சலாக வருகிறது. அவள் பிறந்தபோது உன் உச்சி வெயிலா அடித்தது? ஜன்னலுக்கு வெளியே பனி விலகாமல் கிடந்தது. காலை உணவுத் தட்டைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மாள்தான் நர்ஸைக் கூப்பிட்டாள். ரொட்டியும் முட்டையும் ஆறிப்போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது, பெற்று முடித்து அதைத்தான் சாப்பிட்டேன். அந்த முட்டைக்கு ஈடான சாப்பாடு அதற்குப்பின் கிடைக்கவில்லை.

பொய் எழுத வராது என்றால் எழுதாதே. ஆனால் சும்மா இருக்காதே.

அக்கா


மார்ச் 18

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. கேள்விகள் மட்டும்.

காலை உணவா? பனியா? நீ சொன்ன நேரம் பிற்பகல் இரண்டு மணி! வெளிநாட்டில் மாநாட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போன இடத்தில், எட்டாம் மாதமே குழந்தை பிறந்துவிட்டது என்று நீ அத்தானுக்குப் போன் செய்தாய். அத்தான் என்னிடம், "ரெண்டு மணிக்காம், பொண்ணாம்" என்று மூச்சுவாங்கச் சொன்னார். நான் அந்த ஊரையும் அந்த ஊர் நேரத்தில் இரண்டு மணியையும் போட்டு ஜாதகம் கணித்தேன். முப்பத்தொரு வருடமாக அந்தக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு மணிக்குக் காலை உணவு தருகிறார்கள்?

யோசித்து யோசித்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீ எந்த ஊருக்குப் போனாலும் கைக்கடிகாரத்தை மாற்றமாட்டாய். "எனக்கு டெட்லைன் ஆபீஸ் நேரத்துல, இந்த ஊர் நேரம் எனக்கு எதுக்கு?" என்று அம்மாவிடம் நீயே சண்டை போட்டிருக்கிறாய். இரண்டு மணி என்று எதைப் பார்த்துச் சொன்னாய்? சுவரில் இருந்த கடிகாரத்தையா, உன் கையில் இருந்ததையா?

அந்த ஊர் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். கையில் இருந்தது என்றால் அவள் பிறந்தது காலை ஒன்பதரை. லக்னம் இரண்டு ராசி தள்ளிப் போகும். ஐந்தாம் இடம் ஐந்தாம் இடமாகவே இருக்காது. அதுமட்டும் இல்லை, குரு விஷயத்தில் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. முழுசாகக் கணக்குப் போடாமல் சொல்லமாட்டேன். ஒரு முறை அவசரப்பட்டது போதும்.

உன் நினைவு மட்டும் போதாது. கோபப்படாதே, நீயே இதைத்தான் சொல்வாய். பிறப்புச் சான்றிதழில் தேதி மட்டும்தான் இருக்கிறது, நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். கூட யார் இருந்தார்கள்? அவர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? தயவுசெய்து விசாரி. நீதான் விசாரிக்கவேண்டும், நான் விசாரித்தால் எனக்குப் பிடித்த பதில்தான் கிடைக்கும்.

சில்வண்டிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே. இன்று வந்த மூன்று பேரையும் நாளைக்கு வரச்சொல்லிவிட்டேன். அதில் ஒருவர், "எனக்கு நேரம் சரியில்லையா?" என்று முகம் வெளுத்துக் கேட்டார். "எனக்குத்தான்!" என்றேன்.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

உறுதியானது: உன் அக்கா மகள் பிறந்தது அந்த ஊர் நேரப்படி காலை பத்து மணிக்கு முன்னால். சொன்னவர், அந்தப் பயணத்தில் என்னோடு வந்த போட்டோக்காரர்.

அவர் இப்போது மகன் வீட்டில் இருக்கிறார், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். போனில் கேட்டிருக்கலாம். முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும் என்று போனேன். மொட்டை மாடியில் பழைய கேமரா பைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் கேள்வியில் விடை ஒளிந்திருக்கக் கூடாது என்பதால் கடிகாரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது, வரிசையாகச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

"மறக்குமாம்மா? காலையில ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். புள்ளைய வெள்ளைத் துணியில சுத்திக் காட்டினாங்க. நான் ஒரு படம் எடுத்தேன். உடனே நீங்க கட்டில்ல இருந்துக்கிட்டே, 'இங்க என்ன வேடிக்கை, பத்து மணிக்கு மாநாடு தொடங்குது, ஓடுய்யா'ன்னு வெரட்டினீங்க. ஓடினேன். தலைவருங்க கை குலுக்கற படம் கெடச்சுது. மறுநாள் முதல் பக்கத்துல வந்துச்சுல்ல."

மாநாட்டின் தொடக்கப் படத்தை அவர்தான் எடுத்தார். அது அந்த ஊர் நேரப்படி பத்து மணிக்குத் தொடங்கியது என்பது அன்று உலகத்துக்கே தெரியும். அதற்கு முன்னால் குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் போனார். இதற்கு என் கடிகாரம் தேவையே இல்லை.

கிளம்பும்போதுதான் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க வாட்ச்சால நான் பட்ட பாடு! மூணு மணிக்கு லாபியில நில்லுன்னுவீங்க. எந்த ஊரு மூணு மணின்னு நான் கழிச்சுக் கழிச்சுப் பார்க்கணும். ஒரு தடவை கழிக்க மறந்து நாலரை மணி நேரம் லேட்டா வந்து நின்னேன்."

ஆக, கையில் இருந்ததைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குச் சொல்வதும் எனக்கு ஆபீசுக்குச் செய்தி அனுப்புவதுபோலத்தான் இருந்திருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. என்னவோ உட்கார முடியவில்லை. பெரிய செய்தி கையில் இருக்கும்போது எனக்கு அப்படித்தான்.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும், நேராகப் பதில் சொல். ஜாதகம் பலிக்கவில்லை என்று தெரிந்தபின் பிறந்த நேரத்தைத் தோண்டினாய். அவள் கருவுறாமலே இருந்திருந்தால் தோண்டியிருப்பாயா? பலித்தால் சாஸ்திரம் சரி, பலிக்காவிட்டால் கடிகாரம் தவறு என்றால் நீ தோற்கவே வழியில்லை. அப்படிப்பட்ட ஆட்டத்தை நான் நம்புவதில்லை.

கணக்கைப் போட்டு அனுப்பு. நல்லதோ கெட்டதோ, உள்ளபடி அனுப்பு.

அக்கா


மார்ச் 29

அக்கா,

முதலில் உன் கேள்விக்குப் பதில். தோண்டியிருக்கமாட்டேன். அவ்வளவுதான். இதை எழுத எனக்கு ஒரு நாள் ஆனது.

இப்போது கணக்கு. புதிய நேரத்துக்குப் போட்டதில் குரு ஐந்தாம் இடத்தில் இல்லை. ஏழில் இருக்கிறார். ஐந்தாம் வீடு காலி, அங்கே யாரும் குடியில்லை. இது லக்னம் மாறியதால் வந்தது, எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இனிமேல்தான் இருக்கிறது. உட்கார்ந்திருக்கிறாயா? உட்காரமாட்டாய், தெரியும்.

வக்ரம் தொடங்குவதற்கு ஒரு நொடி உண்டு. முன்னால் போய்க்கொண்டிருக்கும் கிரகம் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, நின்று, பிறகு பின்னால் நகரத் தொடங்கும். குருவுக்கு இது ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். சில்வண்டு பிறந்த வருடம் அது எப்போது வந்தது தெரியுமா? அவள் பிறந்த அன்றே! அந்த ஊர் நேரப்படி நண்பகலை ஒட்டி! மூன்று விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பல் டாக்டரை மேலே கூப்பிட்டுக் கூட்டல் கழித்தலைச் சரிபார்க்கச் சொன்னேன். "நான் பல்லைத்தான் சார் எண்ணுவேன்" என்று முனகிக்கொண்டே பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார்.

இரண்டு மணிக்குக் கணித்த கட்டத்தில் கம்ப்யூட்டர் குருவுக்குப் பக்கத்தில் 'வ' என்று போட்டது. அது போட்டது சரி, இரண்டு மணிக்கு அவர் திரும்பிவிட்டார். அவள் பிறந்த ஒன்பதரைக்கு அவர் இன்னும் திரும்பவில்லை. கிட்டத்தட்ட நின்றுகொண்டிருந்தார். அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டுதான் நான் வாயைத் திறந்தேன். குருவின் வேகம் என்ன என்று ஒரு தடவை பார்த்திருந்தால், இது திரும்பும் நாள், நிமிடக் கணக்கில் நேரம் உறுதியாக வேண்டும் என்று தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

நின்றுகொண்டிருக்கும் குருவுக்கு என்ன பலன் என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. என் மூன்று கட்சிக்காரர்களும் வக்ரத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்கிறார்களே தவிர, நிற்கிற நேரத்தைப் பற்றித் தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை. ஏதாவது ஒட்டவைத்துச் சொல்லலாம், இரண்டு வருடத்துக்கு முந்தைய நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இது ஜோசியம் இல்லை, யார் வேண்டுமானாலும் வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பின்னால் போவதுபோலத் தெரியும் மாதங்களில்தான் குரு பூமிக்கு மிகவும் அருகில் இருக்கிறார். அப்போதுதான் மிகவும் பிரகாசமாகத் தெரிகிறார். வக்ரம் என்றால் விலகிப் போகிறார் என்று அர்த்தமே இல்லை. இத்தனை வருடம் வக்ரம், வக்ரம் என்று எத்தனை பேர் முகத்தை வாடவைத்திருக்கிறேன். அவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றியதே இல்லை.

உங்கள் பேப்பரில் மூன்றாம் பக்கத்து மூலையில் கட்டம் கட்டிப் போடுவீர்களே, அந்த மாதிரி எழுதியிருக்கிறேன். இதை அவளிடம் கொடு. எழுதும்போது காது சிவக்கவில்லை.

"திருத்தம்: இரண்டு ஆண்டுகளுக்கு முன் சாப்பாட்டு மேசையில் உன் மாமா சொன்ன செய்தியில், உன் ஜாதகத்தில் ஐந்தாம் இடத்தில் வக்ர குரு இருப்பதாகக் கூறப்பட்டது. அது தவறு. உன் ஐந்தாம் இடத்தில் குரு இல்லை. நீ பிறந்தபோது அவர் வக்ரத்திலும் இல்லை. அதை வைத்துச் சொன்ன 'தங்காது' என்ற சொல்லுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தச் சொல் திரும்பப் பெறப்படுகிறது. அதற்குப் பதிலாக வேறு பலன் எதுவும் சொல்லப்படவில்லை, சொல்ல மாமாவுக்குத் தெரியவில்லை. மாமா மிகவும் வருந்துகிறார்."

'தங்காது' என்றே எழுதியிருக்கிறேன், பார்த்தாயா.

நான் அங்கே வரலாமா?

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

உறுதியானது: தொட்டில் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. பார்த்தது நானே. இந்த வரியை எழுதும்போது பக்கத்து அறையில் சுத்தியல் சத்தம் கேட்கிறது.

இன்று அவளுக்கு விடுமுறை. காலையில் உன் திருத்தத்தைக் கொடுத்தேன். நின்றபடி ஒரு முறை படித்தாள், உட்கார்ந்து ஒரு முறை படித்தாள். போட்டோக்காரர் சொன்னது, காலை உணவு, கடிகாரம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடித்ததும் என்னையே பார்த்தாள்.

"ஏம்மா, நீ வாட்ச்ச திருப்பி வைக்காததுக்கா ரெண்டு வருஷமா நான் அழுதுக்கிட்டிருந்தேன்?"

அவள் முகம் கோணியது. அழப்போகிறாள் என்று எழுந்தேன். அவள் சிரித்தாள், தம்பி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு உள்ளே இருப்பது உதைத்துவிட்டது போலிருக்கிறது, "ஐயோ, சும்மா இரு" என்றாள். என்னிடம் இல்லை, வயிற்றிடம். இத்தனை மாதத்தில் அவள் அதனிடம் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

பிறகு நேராகப் போய்க் கதவுக்குப் பின்னாலிருந்து பெட்டியை இழுத்தாள். மாப்பிள்ளை பதறிக்கொண்டு, "நீ இழுக்காத, நான் பண்றேன்" என்று ஓடினார். "அந்தத் திருகாணி அங்க இல்ல, அந்தப் பக்கம்! தலைகீழா புடிச்சிருக்கீங்க! இது தொட்டிலா, ஏணியா?" மதியம்வரை வாய் மூடவில்லை. வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கவில்லை.

ஆனால் அவள் உன்னைச் சும்மா விட்டுவிட்டாள் என்று நினைக்காதே. சாப்பிடும்போது யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நேரம் தப்புன்னு கண்டுபிடிச்சாரு, சந்தோஷம். சரியான நேரத்துக்குப் போட்டும் அதே அஞ்சாம் இடம், அதே வக்ரம்னு வந்திருந்தா மாமா என்ன எழுதியிருப்பாரு? அதைக் கேளும்மா."

எழுதிக் கேட்கிறேன் என்றேன். "எழுத்துல வேணாம். என் எதிர்ல உட்கார்ந்து சொல்லட்டும். நான் காதைப் பார்க்கணும்" என்றாள்.

ஆகவே நீ வரலாம். ஒரு நிபந்தனை உண்டு, அவளுடையது. குழந்தை பிறக்கும் நேரத்தை யாரும் குறித்துவைக்கக் கூடாது. நீயும் கூடாது, குறிப்பாக நானும் கூடாது. என் கடிகாரத்தை இப்போதே வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. பல் டாக்டரிடம் கொடுத்து வை, கூட்டல் கழித்தல் பழகட்டும்.

கட்டுப்பாட்டு அறையில் நாளைக்குச் சொல்லிவிடப்போகிறாள். மே மாதம் முதல் விடுப்பு. ஏப்ரல் முப்பது கடைசி நாள் வேலை. அன்று பகல் வண்டியில் நீ வரவேண்டுமாம். அந்தத் தடம் அவள் பலகையில் இருக்கிறது. "மாமா வண்டியை நானே உள்ள கூட்டிட்டு வர்றேன். ஒரு இடத்துலயும் நிக்கவிடமாட்டேன், பின்னால போறதுக்குப் பேச்சே இல்ல" என்றாள்.

உன் பழைய அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். படியில் பையை வைத்ததற்கு வருந்தவில்லை என்று எழுதியிருந்தேன். அதில் திருத்தம் உண்டா என்பதை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர் இன்னும் முடிவாகவில்லை, அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை இன்றுதான் தொடங்கியிருக்கிறது. அவள் கேள்விக்கு உன் பதில் நிலுவையில் இருக்கிறது, ஏப்ரல் முப்பது மாலை எதிர்பார்க்கப்படுகிறது. குழந்தை ஜூன் இரண்டாம் வாரம்.

அக்கா